தித்திவங்சா மலைத்தொடரைச் சைக்கிளில் கடப்பது எப்படி?

சிங்கப்பூரின் ஆக உயரமான இடமான புக்கிட் தீமா குன்று 163 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் சாங்கி கடலோரத்திலும் வாராவாரம் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய ஒருவர், அதே 80 கிலோமீட்டரை மலையிலும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவது இயல்புதான். காடு சூழ்ந்த மலைச்சாலையில் அந்தக் கணக்கு நண்பகலுக்குள் பொய்த்துவிடும். அங்கே ஒரு நாளின் அளவைத் தீர்மானிப்பது அன்று ஏற வேண்டிய மொத்த உயரம். தூரம் அதற்கு அடுத்தபடியாகத்தான் வரும். பைகளோடு ஏறும் சராசரி உடல்வலிமை உள்ளவர் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பானது. அப்படியானால் 1,000 மீட்டர் ஏற்றம் உள்ள நாளில் ஏறுவதற்கு மட்டுமே இரண்டரை மணி நேரம் போய்விடும். சாப்பாடு, ஓய்வு, மழைக்கு ஒதுங்குவது எல்லாவற்றையும் சேர்த்தால் அரை நாளுக்கு மேலாகும். வரைபடச் செயலியில் புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். இடையில் இறங்கி இழந்த உயரத்தையெல்லாம் மீண்டும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால், மொத்த ஏற்றம் என்று தனியாகக் காட்டப்படும் எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சாலை?

நமக்கு அருகில் உள்ள பெரிய மலைத்தொடர், மலேசியத் தீபகற்பத்தின் நடுவே வடக்கு தெற்காக நீளும் தித்திவங்சா. அதன்மீது ஏறும் சாலைகள் பல இருந்தாலும், காடு, கணவாய், ஏரி மூன்றும் ஒருசேர அமைந்த இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையைப் பலர் முதலில் நினைப்பார்கள். குறுகலான வளைவுகளில் சுற்றுலாப் பேருந்துகளும் காய்கறி லாரிகளும் நெருக்கும் அந்தச் சாலையை, பைகளோடு முதன்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் பயணத்துக்கு ஏற்றது, சிலாங்கூரின் கோலகுபு பாருவில் தொடங்கி, கேப் எனப்படும் கணவாய் வழியாகப் பகாங்கின் ரவூப்புக்கு இறங்கும் 55ஆம் எண் கூட்டரசுச் சாலை. ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்றின் அணைக்கட்டும் அதன் பின்னே விரியும் நீர்த்தேக்கமும் வந்துவிடுகின்றன. நீர்த்தேக்கத்தின் கரையை விட்டு விலகியபின் சாலை மூங்கிலுக்கும் பெரணிக்கும் நடுவே நிதானமாக ஏறுகிறது. ஆங்கிலேயர் காலத்துப் பாதை என்பதால் செங்குத்தான இடங்கள் குறைவு, வளைவுகள் அதிகம். மலாயாவின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்ரி கர்னி 1951 அக்டோபர் 6ஆம் தேதி கம்யூனிஸ்டுப் படையினரின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு தெரியாத அமைப்பைப் பார்த்தால், தாக்கியவர்கள் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும். கேப்பிலிருந்து பிரேசர் மலை உச்சிக்கு மேலும் 8 கிலோமீட்டர். கோலகுபு பாருவிலிருந்து உச்சிவரை மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். கடைசி 8 கிலோமீட்டர் குறுகலான பாதை. மண்சரிவைப் பொறுத்து எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த நேரத்தில் எந்தத் திசையில் விடுகிறார்கள் என்பது அவ்வப்போது மாறும் என்பதால், தங்குமிடத்தில் முன்பதிவு செய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வார இறுதியில் இந்த வளைவுகளில் பெரிய மோட்டார்சைக்கிள்கள் சீறிப் பாயும். இரண்டு நாள் விடுப்பு எடுத்தாவது வார நாளில் போவது நல்லது.

இரண்டாவது, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. பேராக்கின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் இந்தச் சாலையின் நீளம் 120 கிலோமீட்டரை ஒட்டியது. 1970இல் தொடங்கிய கட்டுமானம், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கு நடுவே இராணுவப் பாதுகாப்போடு நடந்து, 1982இல்தான் சாலை திறக்கப்பட்டது. கிரிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் தெமெங்கோர் ஏரி வருகிறது. அணை கட்டியதால் உருவான இந்த ஏரி, தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய செயற்கை ஏரி. ஏரியின் நடுவே உள்ள பாண்டிங் தீவை இரண்டு பாலங்கள் இரு கரைகளோடும் இணைக்கின்றன. அதன் பிறகு சாலை ஏறத்தாழ 1,050 மீட்டர் உயரத்துக்கு ஏறி, மலைமுகட்டைக் கடந்து கிளந்தான் பக்கம் இறங்குகிறது. பிரேசர் மலையில் தடுமாறாமல் ஏறி இறங்கியவர் மட்டுமே இதற்கு வர வேண்டும் என்பது என் கருத்து.

வண்டியும் கியரும்

புதிதாக விலையுயர்ந்த சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் சைக்கிளில் ஆகக் குறைந்த கியர் எவ்வளவு குறைவானது என்பதைப் பார்த்தால் போதும். ஓட்டுபவர், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாலைப் பந்தய வகை சைக்கிள்களில் பரவலாகக் காணப்படும் முன் பற்சக்கரம் 34 பல், பின் பற்சக்கரம் 28 பல் என்ற அமைப்பில், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டும். நூற்றுக்கு எட்டு என்ற சரிவில் அந்த வேகத்தில் ஏற 220 வாட்டுக்கும் மேல் தேவைப்படும்; பயிற்சி பெற்ற போட்டியாளர் அல்லாத ஒருவரால் அதை ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க இயலாது. முன்னால் 26, பின்னால் 34 என்று மாற்றினால், அதே 70 சுற்றுக்கு வேகம் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாக இறங்கும். தேவைப்படும் வலுவும் 150 வாட்டை ஒட்டி வந்துவிடும். வேகம் போனால் போகட்டும், முழங்கால் பிழைக்கும். முன் பற்சக்கரம் பின்னதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சைக்கிள் கடையில் சொல்லி, பொருந்தக்கூடிய பாகங்களை மாற்றிக்கொள்ளலாம்.

டயர் 32 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் எடையைச் சமமாகப் பிரித்து, கனமான பொருள்களை அடியில் வையுங்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஏறுவது தோளுக்கும் இடுப்புக்கும் வீண் தண்டனை. கிரிக்கை விட்டால் ஜெலிவரை சைக்கிள் கடை இல்லை. ஆகவே இரண்டு டியூப், ஒட்டும் வில்லைகள், பம்பு, சங்கிலியை இணைக்கும் கண்ணி, சில கம்பிகள், ஒரு சோடி பிரேக் கட்டை ஆகியவை கையில் இருக்க வேண்டும். பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு ஒவ்வொரு சைக்கிளுக்கும் வெவ்வேறு வடிவில் இருக்கும். அது வளைந்துவிட்டால் வேறு எதுவும் ஈடாகாது என்பதால், உங்கள் சைக்கிளுக்கு உரிய உதிரியை முன்கூட்டியே வாங்கிவைப்பது நலம்.

சிங்கப்பூரிலேயே பயிற்சி

மலை இல்லை என்பது சாக்காக இருக்கக் கூடாது. மவுண்ட் ஃபேபரில் ஏறி இறங்கி மறுபடி ஏறுவதும், சௌத் புவன விஸ்தா சாலையின் வளைவுகளில் ஏறுவதும் சலிப்பூட்டும் பயிற்சிதான். மலையேற்றத்துக்கு அந்தச் சலிப்பும் பயிற்சியின் பகுதி. பயணத்தில் எடுத்துச் செல்லப்போகும் பைகளை அதே எடையில் மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். வெறும் சைக்கிளில் பெற்ற பழக்கம் பைகளோடு திரும்பும்போது உதவாது. பழைய மலாயா ரயில்வேயின் தண்டவாளம் இருந்த, 24 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையில், மழை பெய்த மறுநாள் ஓட்டிப் பார்த்தால் ஈர மண்ணில் சக்கரம் எப்படி வழுக்கும் என்பது பிடிபடும். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப்பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலையின் வளைவுகள், லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு அருகே மரநிழலில் இருக்கின்றன. வளைவில் பார்வையை எங்கே வைப்பது என்று பழகுவதற்கு அதைவிட அமைதியான இடம் இங்கே குறைவு. குழுவாகப் பயிற்சி செய்பவர்கள், 2022 ஜனவரி முதல் சாலையில் ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியையும், சாலையில் தலைக்கவசம் கட்டாயம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே சிறு குழு ஒழுங்கு மலையிலும் உதவும்; நீண்ட வரிசையை லாரியால் முந்த முடியாது.

எப்போது, எப்படிப் போவது

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கிளந்தானில் வெள்ளம் கொண்டுவரும். அக்காலத்தில் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைத் தவிர்த்துவிடுங்கள். தீபாவளி விடுமுறை அந்த மழையின் வாசலில்தான் வருகிறது என்பது நம்மவர்களுக்கு ஒரு சங்கடம். பிப்ரவரி, மார்ச் மாதங்களும், பள்ளி விடுமுறை வரும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரையிலான காலமும் ஒப்பளவில் நல்லவை. எந்த மாதமானாலும் பிற்பகலில் இடிமழை வரலாம் என்பதால், ஏற்றத்தை மதியத்துக்குள் முடிக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிளிலேயே எல்லையைக் கடப்பவர்கள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மோட்டார்சைக்கிள் தடத்தில் செல்ல வேண்டும். கூட்டம் நெரியும் காலை, மாலை வேளைகளைத் தவிர்த்தால் மூச்சுத் திணறாது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையிலிருந்து விலக்கு உண்டு. இந்தியக் கடப்பிதழில் இருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும்; விசா விதி மாறக்கூடியது என்பதால் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜொகூரிலிருந்து மலைவரை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவதில் சுகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கோலகுபு பாருவுக்கும் கோலகங்சாருக்கும் ரயில் நிலையங்கள் உண்டு. மடிக்கும் சைக்கிள் என்றால் ரயிலில் கொண்டுபோவது எளிது. மடிக்காத சைக்கிளுக்கு, விரைவுப் பேருந்தின் அடிப்பெட்டியோ ஈப்போவுக்குச் செல்லும் விமானமோ நடைமுறைக்கு ஏற்றது.

பெட்டியில் அடைக்கும்போது பலர் தடுமாறுவது மிதிகட்டையைக் கழற்றும் இடத்தில். இடப்பக்க மிதிகட்டையின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. வழக்கமான திசையில் பலம் கொடுத்துத் திருப்பினால் இன்னும் இறுகும். திருகுச்சாவியை மிதிகட்டையின் அச்சுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும்படி பொருத்தி, பின்சக்கரம் இருக்கும் பக்கமாகச் சாய்த்தால் இருபுறமும் கழலும். பின் கியர் மாற்றியையும் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்துக்கு உட்புறமாகக் கட்டிவிடுங்கள். கையடக்க மின்னேற்றியைக் கைப்பையில் வைக்க வேண்டும்; பெட்டிக்குள் வைக்க விமானத்தில் அனுமதி இல்லை.

கிரிக் செல்பவர்கள் கோலகங்சாரில் இறங்கி, ராபான் ஏரியைக் கடந்து லெங்கோங் வழியாக ஓட்டிப் போகலாம். தொல்மனிதர் தடயங்களுக்காக 2012இல் உலக மரபுடைமைத் தலமான பள்ளத்தாக்கு அது. பெரிய மலைக்கு முன் கால்கள் இளக அந்தப் பாதை போதுமானது.

ஏற்றத்தில் உணவும் தண்ணீரும்

மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு இரண்டு சொற்களில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். அந்தச் சோதனையைத் தனியாகச் செல்பவரும் வாய்விட்டுச் செய்யலாம், காட்டில் கேட்பவர் யாரும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடலுக்குத் தேவை. பசித்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முதல் நாள் இரவே கிளறி, நல்லெண்ணெய் சற்றுத் தாராளமாக விட்டு, வாழை இலையில் கட்டிய புளிச்சோறு அன்று முழுவதும் கெடாது; அதில் உள்ள உப்பும் வியர்வையில் போனதை ஈடுசெய்யும். கடையில் விற்கும் ஜெல் பாக்கெட்டுகளைவிட எனக்கு அதுவே உவப்பு. பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும். பாண்டிங்கிலிருந்து ஜெலிவரை மூன்று லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்ல வேண்டும். மலைமுகட்டில் ஓய்விடம் ஒன்று உண்டு; அங்கே கடை திறந்திருக்கும் என்று நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏரியும் யானையும்

பாண்டிங்கில் ஒரு நாள் தங்காமல் போவது அநியாயம். ஏரிக்கு வடக்கே உள்ள ரோயல் பெலும் மாநிலப் பூங்கா 117,500 ஹெக்டர் பரப்புள்ளது. 2007இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டுப் பகுதியில் காணப்படுகின்றன. பூங்காவுக்குள் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். படகு ஏற்பாடு செய்பவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் அதையும் பெற்றுத் தருவார்கள்.

இந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு என்று பலகைகள் எச்சரிப்பதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். சாலையோரப் புல்லைத் தின்னவும் மறுபுறம் கடக்கவும் அவை வருகின்றன, அதிகமாக அந்தியிலும் இரவிலும். எனவே நன்கு விடிந்தபின் புறப்பட்டு, மாலை ஐந்துக்குள் சாலையை விட்டு வெளியேறிவிட வேண்டும். இரவில் ஓட்டுவதும் சாலையோரத்தில் கூடாரம் அடிப்பதும் கூடவே கூடாது. சாலையில் கிடக்கும் சாணம் ஈரமாக, ஒடிந்த கிளைகள் பச்சையாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, அடுத்த வளைவுக்கு முன் நின்று காது கொடுங்கள். யானை தென்பட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளியே நில்லுங்கள். மணி அடிப்பது, விளக்கை மினுக்குவது, படம் எடுக்க நெருங்குவது, பக்கவாட்டில் நழுவி முந்தப் பார்ப்பது எல்லாமே ஆபத்து. பெரிய லாரி ஒன்று வரும்வரை காத்திருந்து, அதை உங்களுக்கும் யானைக்கும் நடுவே விட்டுக் கடப்பது அனுபவசாலிகளின் வழி. எதிரே நின்றிருக்கும் லாரியின் ஓட்டுநரிடம், “அண்ணே, மேல யானை நிக்குதா?” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், தமிழ் தெரியாதவராக இருந்தாலும் ‘காஜா’ என்ற மலாய்ச் சொல் ஒன்று போதும், எங்கே எத்தனை என்று விரலைக் காட்டிச் சொல்லிவிடுவார். யானையைவிட அடிக்கடி தொல்லை தருவது குரங்கு. உணவுப் பையைத் திறந்தபடி சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு நகராதீர்கள்.

நெடுந்தூரத்துக்குக் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்பதை வீட்டாரிடமும் தங்குமிடத்திலும் எழுதிக் கொடுங்கள். மலேசியாவில் அவசர உதவிக்கு எண் 999; நம் கை தானாகத் தட்டும் 995 அங்கே ஆம்புலன்சைக் கொண்டுவராது.

இறக்கம்

ஏற்றத்துக்குப் பயப்படுபவர்கள் இறக்கத்தைப் பரிசாக நினைக்கிறார்கள். மலைப் பயணத்தில் பெரிய காயங்கள் இறக்கத்தில்தான் ஏற்படுகின்றன. முகட்டில் நின்று முதலில் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். உலோகத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளின் கனம், பத்துக் காசு நாணயத்தின் தடிப்புக்குக் கீழே போயிருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள். மழையும் மணலும் சேர்ந்தால் ஒரே இறக்கத்தில் அது தேய்ந்துபோகக் கூடும். பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே நெடுந்தூரம் இறங்குவது தவறு. அப்போது வெப்பம் வெளியேற இடைவெளி கிடைக்காமல் சேர்ந்துகொண்டே போகும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் என்றால் அந்தச் சூட்டில் டியூப் வெடிப்பதும் உண்டு. நேர்ப்பாதையில் வண்டியைச் சற்று ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். ஈரச் சாலையில் வளைவின் நடுவே முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும். சாலையோரப் பாசியையும் ஊறிய இலைகளையும் விட்டு ஓர் அடி உள்ளே ஓட்டுங்கள். பின்னால் லாரி நெருங்கினால் அகலமான இடம் பார்த்து இறங்கி நின்று வழிவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு மழையில் இறங்கும்போது விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கும் பலம் குறைந்துவிடும் என்பதால், மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையை முகட்டிலேயே போட்டுக்கொள்வது அவசியம்.

ஜெலிக்கு இறங்கி இரவு தங்கியபின், மறுநாள் தானா மேராவரை சாலை பெரும்பாலும் தாழ்நிலத்தில் ஓடுகிறது. தானா மேரா, தும்பாட்டிலிருந்து தெற்கே வரும் கிழக்குக்கரை ரயில் பாதையில் உள்ள நிலையம். ரயிலில் சைக்கிளை ஏற்றுவதற்கான விதி வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால் கோத்தா பாருவுக்கு ஓட்டிச் சென்று ஜொகூர் பாருவுக்கு இரவுப் பேருந்தைப் பிடிக்கலாம். ஜொகூர் பாருவில் விடியற்காலையில் இறங்குபவர்கள், வேலைக்கு வரும் மோட்டார்சைக்கிள்களின் நெரிசல் தணியும்வரை ஒரு கடையில் உட்கார்ந்து பசியாறிவிட்டு, அதன் பிறகு கடற்பாலத்தில் ஏறுவது உத்தமம்.